அண்ணாந்து பார்த்த கோடை

முழுப்பரீட்சை லீவு விட்டதும் ஆச்சி ஊரான கூந்தன்குளத்துக்குக் கிளம்பிவிடுவோம். மூலைக்கரைப்பட்டி தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஊர் வந்துவிட்டதை மூக்குதான் சொல்லும். மீன் கவுச்சியும் ஈரச் சுண்ணாம்பு நெடியும் கலந்த பறவை எச்ச வாடை அது. முதல் நாள் குமட்டும், மூன்றாம் நாள் இருப்பதே தெரியாது, வீடு திரும்பியபின் என் சட்டையை முகர்ந்து அம்மா மூக்கைச் சுளிப்பாள்.

பறவை பார்க்கக் குளத்துக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு. ஆச்சி வீட்டுப் புறவாசலில் நின்ற புளியமரத்திலேயே மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருக்கும். பக்கத்து வீட்டு வேம்பில் கூழைக்கடா. ஓட்டுக்கூரையெல்லாம் வெள்ளையடித்தமாதிரி இருக்கும். துவைத்த துணியைத் தார்சாவுக்குள்தான் காயப்போட முடியும். ஆனாலும் ஒரு கிளையை வெட்ட யாரும் அரிவாள் எடுத்து நான் பார்த்ததில்லை. தீபாவளிக்குக்கூட அந்த ஊரில் வெடி கிடையாது. அதனாலேயே, தீபாவளிக்கு மட்டும் ஆச்சி ஊருக்கு வரமாட்டேன் என்று ஓலைப்பட்டாசுக்கு ஆசைப்பட்டு அடம்பிடித்த தியாகி நான். 1994-இல் சரணாலயம் என்று அரசாங்கம் அறிவித்ததெல்லாம் இதற்குப் பிறகு நடந்த சங்கதி.

விடியற்காலையில் ஆச்சி முற்றம் தெளிக்கிற சத்தமும், கருப்பட்டிக் காப்பி கொதிக்கிற மணமும், மேலேயிருந்து டக டக டகவென்று கோலாட்டக் குச்சி தட்டுகிறமாதிரி ஓர் ஓசையுமாகச் சேர்ந்துதான் எழுப்பும். பெரிய நாரைக்குத் தொண்டையில் குரல் கிடையாது, அலகைத்தான் தட்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு என்னைத்தான் திட்டுகிறது என்று நினைத்து, நார்க்கட்டிலில் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். கத்துவதெல்லாம் குஞ்சுகள்தான். ஓயாமல் கத்தும்.

மத்தியானம் பதநீரைக் குடித்துவிட்டு ஊரே கண்ணயர்ந்திருக்கும் வேளையில் நான் மட்டும் புளியமரத்தடியில் நிற்பேன். சித்திரை வெயில் ஓட்டைப் பிளக்கும். தாய் நாரை கூட்டின் விளிம்பில் சிறகை அகல விரித்து, குஞ்சுகளுக்கு நிழல் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். சந்தைக்குப் போகும் வழியில் ஆச்சி என் தலைமேல் முந்தானையைப் பிடிப்பாளே, அந்தமாதிரி. வெயில் நகர நகர அதுவும் கொஞ்சம் திரும்பி நிற்கும். இதை எத்தனை மத்தியானம் பார்த்தேன் என்று கணக்கில்லை.

பார்த்தது போதாதென்று ஒருநாள் ஏறினேன். தொழுவத்துச் சுவரில் கால்வைத்து, முதல் கவட்டையைப் பிடித்து, இன்னும் இரண்டு கிளை தாண்டிவிட்டால் குஞ்சைத் தொட்டுவிடலாம் என்று வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்தேன். தாய் எழும்பிப் பறந்தது. மூன்று கழுத்துகள் கூட்டுக்கு வெளியே நீண்டன. அடுத்த நொடி சொதசொதவென்று ஏதோ முகத்தில் விழுந்தது. பாதி செரித்த கெண்டைக்குஞ்சுகள். கொஞ்சம் வாய்க்குள்ளும் போயிற்று.

இறங்கினேன் என்று சொல்வது மரியாதைக்காக. சத்தம் கேட்டு வாரியலோடு ஓடிவந்த ஆச்சி, அடிக்க ஓங்கிய கையை இறக்கிவிட்டு, என்னைக் கிணற்றடியில் நிறுத்தி வாளி வாளியாக ஊற்றினாள். ஐந்தாவது வாளிக்குத்தான் பேச்சு வந்தது.

"ஏல, பிள்ள பெத்த வீட்ல இப்படித்தான் எட்டிப் பாப்பியா? அது பயந்துபோய்ட்டுல்லா!"

பயந்த குஞ்சுகள் இரையைக் கக்கிவிடும் என்று பிற்பாடு பறவை நூல் ஒன்றில் படித்தபோது, ஆச்சி இதை ஒரே வரியில் சொல்லிவிட்டாளே என்று தோன்றியது. அன்றைக்கு அவள் கவலையெல்லாம் வேறு. என் தலையைத் துவட்டும்போதுகூட அவள் கண் மரத்தின்மேலேயே இருந்தது. தாய் திரும்பிவந்து கூட்டில் இறங்கிச் சிறகை விரித்த பிறகுதான் எனக்குச் சோறு போட்டாள்.

அந்த ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். மரத்தடியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நில்லுங்கள். அண்ணாந்து பார்க்கும்போது மட்டும் வாயை மூடிக்கொள்ளுங்கள்.