எங்க ஏரியாப் பையன்

2018 மார்ச் 17, ஐ.எஸ்.எல். இறுதிப் போட்டி. சென்னையின் எஃப்.சி., பெங்களூரு அணியை அவர்கள் ஊர் கண்டீரவா மைதானத்திலேயே சந்திக்க வேண்டும். முந்தின ராத்திரி எங்கள் வியாசர்பாடி டீக்கடையில் ஒரே சண்டை.

"நடுவுல தனபால் கணேஷ் நிக்கணும். சேத்ரிக்கு எடம் குடுத்தா அவ்ளோதான்" என்றேன்.

"ரெண்டு பேர அடைக்கறதுக்கே வெச்சா கோல் யாருடா போடறது?"

"கார்னர் கெடைக்கட்டும், மெயில்சன் ஹெட் அடிப்பான்" என்றது ஒரு பெருசு.

நான் பேசியது ஆட்டக் கணக்கு மட்டுமல்ல. கணேஷ் எங்க ஏரியாப் பையன். விலாசத்தில் வியாசர்பாடி என்றிருந்ததற்கே, "அந்தச் சேரியா?" என்று கேட்டு ஒரு கம்பெனியில் என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

கணேஷ் இறங்கினான். சேத்ரி எப்படியோ ஒன்று போட்டுவிட்டார். மெயில்சன் கார்னரில் ரெண்டு அடித்தான். 3-2. மறுநாள் பெருசு யாரையும் டீக்காசு குடுக்க விடலை.