மலையிலிருந்து கடல்

விடுமுறையில் நடக்கப் புறப்படுவோர் கடற்கரையை நாடுவதே வழக்கம். வடமராட்சிக் கரையில் பிறந்து வளர்ந்த அந்த மாணவனோ, ஹல்துமுல்லைத் தோட்டமொன்றைச் சேர்ந்த தன் வகுப்பு நண்பனுடன் மலைக்கு வந்தான். பழைய தோட்டப் பாதைகளை இணைத்து அண்மைக்காலத்தில் வகுக்கப்பட்ட பீக்கோ நடைபாதை 300 கிலோமீற்றருக்கு மேல் நீள்வது; 22 பகுதிகள் கொண்டது. அவர்கள் அதில் ஒரு பகுதியையேனும் முறையாக நடந்தார்களில்லை. விடியற்காலையில் அப்புத்தளையில் இறங்கி, கொழுந்து மலைகளினூடே ஹல்துமுல்லைக்கு இறங்கும் குறுக்குவழிகளைப் பிடித்தனர்.

காலை ஏழு மணியளவில் வானம் தெளிந்திருந்தது. மலை செங்குத்தாகக் கீழிறங்க, அப்பால் சமவெளி விரிந்து, அதன் விளிம்பில் தென்கடல் வெள்ளிக் கோடாய் மின்னிற்று.

“உங்கள் ஊரிலும் கடல் இருக்கிறதே!” என்றான் வடமராட்சியான்.

நண்பன் சிரித்தானேயன்றி மறுமொழி கூறவில்லை. அவனுடைய முன்னோர் கண்ட கடல் இதுவன்று, மன்னார்க் கடல். தலைமன்னாரில் இறங்கி, காடு வழியே தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைவரை நடந்தவர்களுள் வாந்திபேதிக்கும் பசிக்கும் பலியானோர் பலர். அவ்வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை மலையக மக்கள் அவ்வழியை மீண்டும் நடந்தனர். அந்த நடையை விடுமுறை நடையென்று எவரும் சொல்லார்.

பெரகலைக்குக் கிழக்கே, கொஸ்லாந்தைப் பக்கம், நண்பன் கைகாட்டினான். மீரியபெத்தை அங்கேதான். 2014 ஒக்டோபர் 29 காலையில் மண்சரிவு அதன் லயங்களை மூடிற்று. இடம்பெயருமாறு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த மக்கள் அவர்கள். எங்கே பெயர்வது என்பதற்குத்தான் விடையிருக்கவில்லை. பச்சை மலையைப் படம் பிடிப்போரின் சட்டகத்துள் லயம் அகப்படுவது அரிது.

நண்பகலில் லயத்து வாசலில் ஒரு மூதாட்டி தேநீர் கொடுத்தார்.

“நடக்கிறதுக்கா லீவு போட்டு வந்தீங்க? எங்களுக்கு நடக்காம இருந்தாத்தான் தம்பி லீவு.”

விருந்தினன் கடற்கரையான் என்று அறிந்ததும் அவர் அருகில் அமர்ந்தார். கொழுந்துக் கூடையுடன் ஐம்பது ஆண்டுகளாக மேலிருந்து கண்ட கடலை அவர் ஒருநாளும் தொட்டதில்லை.

“கிட்டப் போனா சத்தம் போடுமாமே?”

அவன் சொல்லத் தொடங்கினான்: பருத்தித்துறையில் வாடைக்காற்று வீசும் மாதங்களில் அலை எப்படி இரையும், மாரியில் வள்ளங்களைக் கரையேற்றும் விதம், உப்புக் காற்றில் சைக்கிள் துருப்பிடிப்பது. கீழிருந்து ஏறிய மூடுபனி அதற்குள் சமவெளி முழுவதையும் மறைத்திருந்தது. மூதாட்டி அத்திசையையே பார்த்தவாறு கேட்டுக்கொண்டிருந்தார்.