நுவரெலியாவின் ஏப்ரல் பூக்கள்

ஏப்ரல் விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்று நம் வீடுகளில் பேச்சு எழுந்தால், பெரும்பாலும் நுவரெலியா என்றுதான் முடியும். கடல் மட்டத்துக்கு மேலே 6,000 அடி தாண்டி நிற்கும் ஊர். பெட்டிக்குள் கிடக்கும் கம்பளிச் சட்டைகளுக்கு அன்றைக்குத்தான் வேலை. கிரகரி வாவியில் படகு, மட்டக்குதிரைச் சவாரி, மாதக் கடைசியில் விக்டோரியா பூங்காவில் மலர்க் கண்காட்சி.

சகோதரிகளே, அந்தக் கண்காட்சியில் நீங்கள் மலைத்து நிற்கும் பூக்களில் பெரும்பாலானவை இந்த மண்ணில் பிறந்தவை அல்ல. டேலியாவின் சொந்த ஊர் மெக்சிகோ. ஹைட்ரேஞ்சியா ஜப்பானிலிருந்து வந்தது. வீட்டு வாசலில் சட்டி சட்டியாய் வைக்கிறோமே ஜெரேனியம், அது தென்னாபிரிக்காவின் பிள்ளை. இவை எப்படி இங்கே வந்து சேர்ந்தன என்பது ஒரு காய்ச்சலோடு சேர்ந்த கதை.

1848இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் இங்கே குடியேறி, தம் நாட்டு மரக்கறி விதைகளையும் மாடுகளையும் கொண்டுவந்தார். இன்று நாம் சமைக்கும் லீக்ஸும் பீட்ரூட்டும் மலைநாட்டில் வேரூன்றியது அப்படித்தான். ஆனால் அரசாங்கம் இந்தக் குளிரைத் தேடி வந்ததற்குக் காரணம் வேறு. மலேரியாக் காய்ச்சலுக்கு அன்று இருந்த ஒரே நல்ல மருந்து கொயினா. அது சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து வருவது. தென்னமெரிக்க மலைகளில் வளர்ந்த அந்த மரத்தின் கன்றுகளையும் விதைகளையும் ஆங்கிலேயர் கொண்டுவந்து, 1860இல் நீலகிரியிலும் 1861இல் நுவரெலியாவுக்கு அருகே ஹக்கலையிலும் நட்டார்கள். இன்று ரோஜா பார்க்கப் போகிறோமே, அந்த ஹக்கலை தாவரவியல் பூங்கா முதலில் ஒரு மருந்துத் தோட்டம்!

1869இல் கோப்பி இலையில் துரு நோய் விழுந்தது. தோட்டக்காரர்கள் கோப்பியைப் பிடுங்கிவிட்டுச் சிங்கோனாவை நட்டார்கள். எல்லோரும் ஒரேயடியாக நட்டதால் பட்டை மலிந்து விலை சரிந்தது. பிறகு தேயிலை வந்து மலையை மூடிக்கொண்டது. மருந்துக்கு வேலை குறைந்த ஹக்கலையில் குளிர்நாட்டுப் பூக்கள் இடம்பிடித்தன. நகரத்தில் அதன் பரிசோதனை நிலமாய் இருந்த இடம்தான், 1897இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவை ஒட்டி அவர் பெயரைப் பெற்றது. அதற்கு முந்திய ஆண்டுதான் ஊட்டியில் மலர்க் கண்காட்சி தொடங்கியது. மலைக்கு மலை அதே ஏக்கம் போலும். வெள்ளைக்காரர்களுக்குத் தம் ஊர்ப் பூவைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் அந்தப் பூக்களுக்கு மண் கொத்தியவர்கள் யார்? கோப்பிக் காலத்திலேயே தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தவர்களின் பிள்ளைகள். வழியில் காய்ச்சலிலும் கழிச்சலிலும் இறந்தவர்கள் ஏராளம். வந்து சேர்ந்தவர்களின் பரம்பரை 1948இல் குடியுரிமையை இழந்தது. 1964 ஒப்பந்தத்தின்படி பல குடும்பங்கள் பாதியாய்ப் பிரிந்து இந்தியாவுக்குக் கப்பலேறின. மீதியிருந்தவர்களுக்கு 2003இல் வந்த சட்டம்தான் வழி திறந்தது. ஹட்டன் பக்கம் போகும்போது லயத்து வாசல்களைப் பாருங்கள். பழைய தகர டின்னில் ஒரு டேலியா நிற்கும். துரை பங்களாவில் தோட்ட வேலை செய்த யாரோ ஒரு தாத்தா மடியில் முடிந்து கொண்டுவந்த கிழங்காக இருக்கலாம். பத்தடி அறையில் ஒரு குடும்பம் முழுவதும் படுத்தெழும் வீட்டில், பூவுக்கென்று ஓரிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பூங்காவில் கண்ட வரிசைகளைவிட அந்த டின்தான் என் மனதில் நிற்கிறது.

கண்காட்சி ஏன் ஏப்ரலில்? புத்தாண்டு விடுமுறையும் கொழும்பின் புழுக்கமும் ஆட்களை மேலே அனுப்புகின்றன. செடிக்கும் அதுதான் பருவம். ஜனவரி, பிப்ரவரி விடியலில் அங்கே புல்மேல் உறைபனி படியும், இளநாற்றுக் கருகிவிடும். அந்தக் குளிரிலிருந்து நாற்றைக் காப்பாற்றி, ஏப்ரலுக்குச் சரியாக மொட்டு விரியும்படி நாள் எண்ணி நடவேண்டும். நாம் டிக்கெட் வாங்கி அரை மணி நேரத்தில் பார்த்து முடிப்பது, ஒருவருடைய மூன்று மாத விடியற்காலை.

அந்த உழைப்பு வீணான ஆண்டுகளும் உண்டு. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடே வீட்டுக்குள் ஒடுங்கியது. 2020 ஏப்ரலில் ஊரடங்கு. 2022இல் பெற்றோல் வரிசை. பூக்கள் எதையும் அறியாமல் பூத்திருக்கும். ஆனால் ஓராண்டுச் செலவை அந்த ஒரு மாதத்தில் தேடிக்கொள்ளும் சோளப்பொத்தி விற்பவருக்கும் சிறு விடுதிக்காரருக்கும் என்ன வழி?

போகிறவர்கள் காலையிலேயே போங்கள். ஏப்ரலில் மதியம் திரும்பினால் இடியோடு மழை இறங்கும். லுஹருக்குள் பூங்காவைச் சுற்றி முடிப்பது நல்லது. விடுதியை முன்கூட்டியே பேசிவையுங்கள், அந்த மாதம் வாடகை ஏறிவிடும்.

வெளியே நாற்று விற்பார்கள். ஹைட்ரேஞ்சியாவின் நீலத்தில் மயங்கி நானும் ஒருமுறை வாங்கி வந்தேன். கீழ்நாட்டு வெயிலில் இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்த நீலமே அந்த மண்ணுடையது என்று. தேயிலை விரும்பும் புளிப்பு மண்ணில்தான் அந்தப் பூ நீலமாகும். சுண்ணாம்பு மண்ணில் வைத்தால் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும்.