“பிளாட் கிடைச்சிருச்சா?” - முதல் நாவலுக்குக் கதை தேடிய திருநள்ளாறு பெண்!

“பிளாட் தேடிக்கிட்டிருக்கேன் அத்தை” என்று அவள் சொன்னதும், “எத்தனை சதுரடி?” என்றுதான் அத்தை முதலில் கேட்டார். அடுத்த கேள்வி, “பட்டா கிளியரா இருக்கா?” திருநள்ளாறில் பிளாட் என்றால் மனைதான். கோயிலுக்கு வரும் கூட்டத்தை நம்பி லாட்ஜ் கட்ட இடம் தேடுகிறவர்கள் எப்போதும் உண்டு. நாவலுக்கு பிளாட் தேடுகிற ஆளை அத்தை இப்போதுதான் பார்க்கிறார்.

அவளுக்கு வயது 26. அப்பாவுக்குக் கோயில் பக்கம் சின்னக் கடை. நல்லெண்ணெய், எள் முடிச்சு, அகல் விளக்கு விற்கிறார். அவள் பி.காம் முடித்துவிட்டு காரைக்காலில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை மட்டும் கடையில் நிற்க வேண்டும். நவம்பர் மாதம் 30 நாள்களுக்குள் 50,000 வார்த்தைகளில் நாவல் எழுதுவது என்று கல்லூரித் தோழிகள் நான்கு பேரோடு சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சவால் விட்டிருக்கிறாள். முடிக்காதவர் மற்றவர்களுக்கு பிரியாணி வாங்கித் தர வேண்டும்.

இந்தச் சவால் அவர்கள் கண்டுபிடித்ததல்ல. 1999-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் கிறிஸ் பேட்டி என்பவர் 21 பேரைச் சேர்த்துக்கொண்டு தொடங்கியது. ‘நானோரைமோ’ என்று செல்லமாகச் சுருக்கப்பட்டு, பின்னாளில் உலகம் முழுக்கப் பரவியது. அதை நடத்திய அமைப்பு மூடப்படுவதாக 2025 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. ஆனால், நவம்பர் மாதத்தை யாரும் மூட முடியாதே! அவரவர் ஊரில் அவரவர் தோழிகளோடு எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கிறிஸ் பேட்டி 2004-ல் எழுதிய புத்தகத்தின் பெயரே ‘நோ பிளாட்? நோ பிராப்ளம்!’ கதை இல்லையா, கவலையே இல்லை, உட்கார்ந்து எழுத ஆரம்பியுங்கள் என்கிறார் மனிதர். அவருக்குக் கவலை இல்லாமல் இருக்கலாம். சனிக்கிழமைகளில் கடையில் நிற்கிற பெண்ணுக்கு உண்டு. 30 நாளில் நான்கு சனிக்கிழமைகள் போனால் மிச்சம் 26. ஒரு நாளைக்கு 1,923 வார்த்தைகள். அதுவும் தமிழில்! ஆங்கிலத்தில் ஏழு வார்த்தைகள் செலவழித்துச் சொல்வதை நாம் ‘என்னால் வரமுடியாது’ என்று இரண்டே வார்த்தைகளில் முடித்துவிடுகிறோம். அதே 50,000 தமிழில் இன்னும் தடிமனான புத்தகம். கதை கையில் இல்லாமல் இறங்கினால் ஐந்தாம் நாளே மூச்சு வாங்கிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது நியாயம்தான். அதனால், அக்டோபர் முழுக்கக் கதை தேடுவது என்று முடிவெடுத்தாள்.

ஊரிலேயே ஒரு கதை ரெடியாக இருக்கிறது. நளன் கதை. சூதில் நாட்டை இழந்து, காட்டில் மனைவியைப் பிரிந்து, உருவமே மாறிப்போய், கடைசியில் இங்கு வந்து குளத்தில் முழுகிச் சனியின் பிடியிலிருந்து விடுபட்டான் என்பது தலபுராணம். அத்தனை துன்பத்துக்கும் தொடக்கம் எது தெரியுமா? ஒருநாள் கால் கழுவியபோது சரியாக நனையாமல் விட்டுப்போன ஒரு சின்ன இடம். இவ்வளவு பெரிய வீழ்ச்சிக்கு இவ்வளவு சின்னக் காரணம் வைக்க யாருக்குத் தோன்றியதோ, அவர் கெட்டிக்காரர். ஆனால், அது ஊருக்கே சொந்தமான கதை. புகழேந்திப் புலவரே ‘நளவெண்பா’ பாடி முடித்துவிட்ட பிறகு, அவள் புதிதாக என்ன செய்துவிட முடியும்?

அடுத்து, கடைக்கு வருகிறவர்கள் பக்கம் போனாள். சனிக்கிழமை காலையில் எள் முடிச்சு வாங்குகிற ஒவ்வொருவரிடமும் ஏதாவது ஒரு கஷ்டம் இருக்கிறது. வேலை போனவர், கோர்ட்டுக்கு அலைகிறவர், மகளுக்கு வரன் அமையாதவர். நான்கு சனிக்கிழமைகளில் ஒரு நோட்டு நிறைந்துவிட்டது. நிறைந்ததே தவிர, எதுவும் நாவலாக நகரவில்லை. ஏன் என்று யோசித்தபோதுதான் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. கஷ்டம் வேறு, கதை வேறு. ஒருவருக்கு ஒன்று வேண்டும். அது கிடைத்தால் இன்னொன்று கைவிட்டுப் போகும் என்கிற நிலை வர வேண்டும். அவர் எதைப் பிடித்துக்கொள்கிறார் என்று தெரிந்துகொள்ளத்தான் நாம் பக்கத்தைத் திருப்புகிறோம்.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்து மயிலாடுதுறையில்தான் தமிழின் முதல் நாவலாசிரியர் வாழ்ந்தார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை, அங்கே முன்சீப்பாக இருந்தவர். அதற்கு முன் தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் அதே வேலை. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1857-ல் எழுதப்பட்டு, 1879-ல் அச்சேறியதாகச் சொல்வார்கள். 30 நாள் சவாலெல்லாம் அவர் காலத்தில் கிடையாது. அச்சுக்கே 22 வருடங்கள் காத்திருந்த மனிதர். தமிழில் உரைநடை நூல்கள் போதவில்லை என்ற குறையைத் தீர்க்கவே எழுதினேன் என்று முன்னுரையில் சொல்லியிருக்கிறார்.

உபகதைகளும் புத்திமதிகளுமாகப் போகிற அந்த நாவலை இன்று ஒரே மூச்சில் படிப்பது கொஞ்சம் சிரமம். ஆனால், முடிச்சு விழுகிற இடம் இருக்கிறதே, அது இன்றைக்கும் செல்லும். பிரதாபனுக்கும் ஞானாம்பாளுக்கும் கல்யாணம் பேசுகிறார்கள். எல்லாம் கூடி வரும்போது, கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை யார் வீட்டில் இருப்பது என்று இரண்டு அப்பாக்களும் முறைத்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான்! போர் இல்லை, கொலை இல்லை. யார் எந்த வீட்டில் இருப்பது?

இந்த இடத்தைப் படித்த இரவுதான் அவளுக்குத் தன் வீட்டுக் கதை ஞாபகத்துக்கு வந்தது. காரைக்கால் பக்கத்து வாசகர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1739-லிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர் இது. 1954 நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது (நாவல் சவால் தொடங்குவதும் நவம்பர் 1 என்பதில் அவளுக்கு ஒரு சின்னக் குஷி). ஆனால், சட்டப்படி முழுதாக இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அன்றிலிருந்து ஆறு மாத அவகாசம். இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அதற்குள் எழுதிக்கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையிலேயே நீடிக்கலாம். எழுதிக்கொடுக்காவிட்டால் தானாகவே இந்தியர். ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்று ஆன குடும்பங்கள் உண்டு.

அவள் குடும்பமும் அப்படித்தான். தாத்தாவின் அண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எழுதிக்கொடுத்துவிட்டு, குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டார். அவருடைய பேரப்பிள்ளைகள் பாரிஸ் பக்கம் இருக்கிறார்கள். தாத்தா எழுதிக்கொடுக்கவில்லை, எள்ளுக் கடை வைத்தார். “தேதி தப்பிப்போச்சு” என்பதுதான் வீட்டில் எல்லோரும் சொல்லும் காரணம். பாஸ்போர்ட், விசா என்று பேச்சு வரும்போதெல்லாம் அப்பா பெருமூச்சு விட்டுக்கொண்டு சொல்கிற வாக்கியமும் அதுதான். “நாலு நாள் முன்னாடி போயிருந்தா நம்ம கதையே வேற.”

தாத்தா இப்போது இல்லை. அப்பாயி இருக்கிறார், 84 வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எள் புடைத்துக்கொண்டிருந்தவரிடம் அவள் சும்மா கேட்டாள்.

“தாத்தா ஏன் அப்பாயி தேதியை விட்டாங்க?”

அப்பாயி முறத்தை நிறுத்தவில்லை. “தேதியெல்லாம் ஒண்ணும் தப்பலடி” என்றார்.

அதற்குமேல் அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. மறுநாள் கொஞ்சம். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். அப்பாயி என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அது அவருடைய சொத்து. எழுதிவைத்த ஒரு காகிதமும், ஓர் இளம் மனைவியும், போகாமல் நின்றுபோன ஒரு காலை நேரமும் அதில் உண்டு என்பது வரை போதும். அறுபது வருடமாக அப்பா நம்பிக்கொண்டிருப்பது நடந்ததல்ல.

இப்போது அவளிடம் பிளாட் இருக்கிறது. சிக்கலும் அதுதான். அதை எழுதினால் அப்பா படிப்பார். யார் மேல் கோபப்படுவார்? இறந்துபோன தன் அப்பாமேலா, எதிரே உட்கார்ந்து எள் புடைக்கிற அம்மாமேலா? “வீட்டு விஷயத்தை ஏன்டி ஊருக்குச் சொல்லணும்? நளன் கதையவே மாத்தி எழுதேன்” என்றாள் ஒரு தோழி. இன்னொருத்தி, “இதை விட்டா உனக்கு வேற கதையே கிடைக்காது” என்றாள். இரண்டு பேர் சொன்னதிலும் தப்பில்லை என்பதால், அவள் ஒரு வாரம் எதுவும் செய்யாமல் இருந்தாள்.

கடைசியில் வழி காட்டியவரும் வேதநாயகம் பிள்ளைதான். தினம் தினம் கோர்ட்டில் அடுத்தவர் வீட்டு வழக்குகளைக் கேட்ட முன்சீப், தன் நாவலுக்கு வைத்துக்கொண்டது சத்தியபுரி என்கிற கற்பனை ஊர். அவளும் குடும்பத்தை இடம் மாற்றினாள். திருநள்ளாறு போய் கடலோரத்தில் பெயரில்லாத ஓர் ஊர். எள்ளுக் கடை போய் கருவாட்டு வியாபாரம். அண்ணன் தம்பி போய் அக்கா தங்கை. ஆறு மாத அவகாசத்தை மட்டும் மாற்றவில்லை. அதை எடுத்தால் கதையே விழுந்துவிடும். மாற்ற மாற்ற, தங்கையின் மனம் அவளுக்கு நன்றாகப் பிடிபட ஆரம்பித்தது என்கிறாள். அப்பாயியை நினைத்து எழுதியபோது பயந்து பயந்து வந்த வரிகள், கருவாடு விற்கிறவளுக்குத் தாராளமாக வந்தனவாம்.

ஆனாலும், கேட்காமல் தொடங்க மனம் வரவில்லை. அக்டோபர் கடைசி வாரத்தில் அப்பாயியிடம் முழுக் கதையையும் சொன்னாள். ஊர் மாறியதை, வியாபாரம் மாறியதை, எல்லாவற்றையும். அப்பாயி நடுவில் இரண்டு திருத்தம் சொன்னார். 1963-ல் கருவாடு இத்தனை விலை விற்றிருக்காது என்பது ஒன்று. அந்தத் தங்கை அழுதிருக்க மாட்டாள் என்பது இன்னொன்று. “அழுவுறதுக்கு எங்க நேரம் இருந்துச்சு?”

“எழுதவா அப்பாயி?”

“எழுது. உங்கப்பன்கிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ சொல்லாத” என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, “எனக்கு என்ன பேரு வெச்சிருக்க?” என்றார்.

“இன்னும் வைக்கல.”

“தமயந்தின்னு மட்டும் வெச்சுடாதடி.”