போர்டில் இல்லாத பெயர்

என் அப்பா ஒரு கோல்ஃப் கிளப்பில் கேடி. ஆடுபவரின் பையைத் தூக்கிக்கொண்டு பதினெட்டு குழிக்கும் கூடவே நடக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை போட்டி முடிந்ததும் முடிவுகளை போர்டில் ஒட்டுவார்கள். அப்பா அதை மொபைலில் படம் எடுத்து வருவார். இங்கிலீஷில் இருப்பதால் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

பி.காம். படிக்கிற எனக்கு அது சுலபம். கிராஸ், நெட் என்று இரண்டு கணக்கு. ஒருவர் 92 அடியில் முடிக்கிறார், அவருக்கு ஹேண்டிகேப் சலுகை 20 என்றால் நெட் 72. இன்னொருவர் 80 அடி, சலுகை 6, நெட் 74. குறைந்த நெட்டுக்குத்தான் கப். அதனால் 92 அடித்தவர் ஜெயிக்கிறார்! எங்கள் மொத்த லாபம், நிகர லாபம் மாதிரிதான் நண்பர்களே. என்ன, இங்கே குறைந்தால்தான் கொண்டாட்டம்.

போன வாரம் அப்பா பை தூக்கியவருக்கே கப். "கடைசி குழியில பந்து எந்தப் பக்கம் திரும்பும்னு நான்தாம்மா சொன்னேன்" என்றார். பட்டியல் முழுக்கத் தேடினேன். கேடிக்கு அதில் இடமே இல்லை.

அவரைத் தேற்றுவதற்காக ஒரு கதை சொன்னேன். ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரை பராமரித்த தொழிலாளியின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா. 2008-இல் டெல்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸை ஜெயித்தார். 2016, 2017 இரண்டு வருடமும் இந்தியன் ஓப்பன் அவருக்குத்தான்.

அப்பா முழுசாகக் கேட்டார். அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவருக்குப் பை தூக்கினது யாரும்மா?"