தலையில அடியா? ‘ஒண்ணும் இல்ல’னு எழுந்து ஆடாதீங்க!

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை. தலையில் ஹெல்மெட் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. யாராவது லேசாகத் தலையை இடித்துக்கொண்டாலும், பதிவேட்டில் எழுதி முதலுதவி அறைக்கு அனுப்பிவிடுவார்கள்.

அங்கே ஒப்பந்தத் தொழிலாளியான அந்த 24 வயது இளைஞனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கபடி. போன மாதம் ரெய்டு போனபோது, எதிரணி ஆளின் முழங்கால் நெற்றிப்பொட்டில் பட்டது. கண் இருட்டியது. தலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார்கள். “ஒண்ணும் இல்லடா, எந்திரி!” அடுத்த ரெய்டுக்கும் அவனே போனான்.

திங்கட்கிழமை வேலையில் வெளிச்சம் கண்ணைக் கூசியது. எண்ணிய போல்ட்டுகளையே மறுபடி எண்ணினான். ஊரிலிருந்து போன் செய்த அம்மாவிடம், “தூக்கம் சரியில்லம்மா” என்றான். கண்டுபிடித்தவர் லைன் லீடர் அண்ணன்தான். “தலையில அடிபட்டுச்சா? இதோட எத்தனை தடவை?” விரல்விட்டு எண்ணினான். ஒரு கை போதவில்லை.

அந்த எண்ணிக்கைதான் விஷயமே.

1980-ல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் முகமது அலியும் ஜிம்மி எல்லிஸும் காட்சிப் போட்டியில் மோதினார்கள். எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். நான்கே ஆண்டுகளில் அலிக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரிந்தது. எல்லிஸுக்குப் பிற்காலத்தில் மறதிநோய். அலியின் நோய்க்குக் குத்துகள்தான் காரணமா என்பதில் மருத்துவர்களிடையே விவாதம் உண்டு.

ஆனால், 2002-ல் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டர் இறந்த பிறகு, அவருடைய மூளையை ஆராய்ந்த டாக்டர் பென்னட் ஒமாலு, ‘டௌ’ என்ற புரதம் அசாதாரணமாகப் படிந்திருந்ததைக் கண்டார். ‘சி.டி.இ’ எனப்படும் இந்த நோய், தலையில் திரும்பத் திரும்ப விழும் அடிகளோடு தொடர்புடையது. மயக்கம் வராத சிறு அடிகளும் கணக்கில் சேரும். மறதி, கோபம், மனச்சோர்வு எனப் பல ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும். இறந்த பிறகு மூளையை ஆராய்ந்தால்தான் உறுதியாகும், குணப்படுத்த மருந்தில்லை. அடிபட்ட எல்லோருக்கும் இது வருவதில்லை என்பது ஆறுதல்.

தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் வேண்டாம். வாந்தி, பேச்சுக் குழறல், வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டாக்டர் சரி என்ற பிறகே மைதானம். முதல் அடி ஆறுவதற்குள் இன்னோர் அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்த ஞாயிறும் அவன் மைதானத்துக்குப் போனான். ஆடவில்லை, ஸ்கோர் எழுதினான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு பட்டியல்: யாருக்குத் தலையில் அடி, எந்தத் தேதி. முதல் வரியில் அவன் பெயர்.