அடம்பங்கொடியும் நம் கால்களும்

தஞ்சோங் என்னும் மலாய்ச் சொல்லுக்கு முனை என்பது பொருள். ஆயினும் தஞ்சோங் மாலிமில் வாழும் நமக்குக் கடல் இல்லை. பெர்ணம் ஆறே உண்டு. ஆகவே, விடுமுறை வந்தால் லுமுட் சென்று படகேறிப் பங்கோர்த் தீவுக்குப் போவது நம்மவர் பலருக்கு வழக்கம். மாசி மகத்திலோ அங்கு கூடும் நம்மவர் கூட்டம் சொல்லி முடியாது.

சென்ற ஆண்டு நாமும் குடும்பத்தோடு போயிருந்தோம். மணல்மேட்டில் ஊதாப் பூக்களோடு படர்ந்திருந்த ஒரு கொடி, பாய் விரிக்க இடையூறாயிருந்தது. அதை நாமே வாரிப் பிடுங்கி எறிந்தோம். முப்பது ஆண்டு பால்மரம் வெட்டிய நம் பெரியம்மா அதைக் கண்டு, "ஏம்பா, தோட்டத்துல கொடியை இப்படிப் பிடுங்கினா கங்காணி சும்மா விட்டிருப்பாரா?" என்றார். நாம் வெட்கித் தலைகுனிந்தோம்.

மேட்டுத் தோட்டங்களில் ரப்பர்க் கன்றுகளுக்கிடையே கொடி படரவிட்டது எதற்காக? மழை மண்ணை அரித்துச் செல்லாதிருக்கவன்றோ! கடற்கரையில் அவ்வேலையைச் செய்வது அடம்பங்கொடி. சங்கப் புலவர் இதனை அடும்பு என்றனர். மலாய்க்காரர், இலையின் வடிவு கண்டு, குதிரைக் குளம்பு என்று பொருள்பட அழைப்பர். இது கணுதோறும் வேர்விட்டு மணலைப் பற்றும். காற்று கொணரும் மணல் இதன் இலைகளில் தடைப்பட்டு மேடாகும். பேரலை எழுங்கால் அம்மேடே கரைக்கு அரண்.

உப்பையும் வெயிலையும் தாங்கும் இக்கொடி ஓயாத மிதியைத் தாங்காது. ஒருவர் எப்போதோ கடந்து சென்றால் மீண்டும் தழைக்கும். நாள்தோறும் பலர் நடந்தாலோ தண்டு நசுங்கும், குருத்து முறியும், வெறுமணலைக் காற்று வாரிச் செல்லும், பள்ளம் விழும், அப்பள்ளத்தின் வழியே அலை உள்ளேறும். ஆளுக்கொரு வழியாய் நடந்தால் மேடு முழுதுமே வெறுமையாகும்.

அன்பர்களே! கடலாடப் போகவேண்டாம் என்பதன்று நம் கருத்து. எல்லோரும் ஒரே வழியாய்ச் செல்வோம். பாயைக் கொடியில்லாத மணலில் விரிப்போம். பிள்ளைகளுக்கு அக்கொடியின் பெயரையும் தொழிலையும் சொல்லிக் கொடுப்போம். விழா நடத்துவோர் மேட்டின்மீது ஒரு பலகைப் பாதை இட்டால், ஆயிரவர் கால்களும் கொடியைத் தீண்டாமல் கடந்து போகலாம்.

பிறருடைய மண்ணைக் கூலிக்குக் காத்தவர் நாம். எல்லோருக்கும் பொதுவான இக்கரையைக் கூலியின்றிக் காத்தலாகாதா?